நகரசபைத் தீக்காப்புப் பரிசோதனைக்குப் பண்ணை வளவைச் சித்தம் செய்யும் முறை

பட்டணங்கள் விரிய விரிய, அவற்றின் எல்லைக்கு வெளியே இருந்த கிராமங்கள் பல நகரசபைகளின் ஆளுகைக்குள் வந்துகொண்டிருக்கின்றன. 2021-ஆம் வருஷத்தில் கும்பகோணம், கரூர், சிவகாசி, தாம்பரம் முதலிய நகரங்கள் மாநகராட்சிகளாக உயர்த்தப்பட்டன. இத்தகைய நகரங்களின் ஓரத்தில் நிலம் வைத்துப் பயிரிடும் மிராசுதாரர்களுக்கு வயல் பழைய வயலே; களமும் பழைய களமே. ஆனால், வைக்கோல் கொட்டகை, நெல் அரைக்கும் இயந்திரம், விளைபொருட் கிடங்கு ஆகியவற்றைப் பார்வையிட உத்தியோகஸ்தர் வருவது அவர்களுக்குப் புதிது. பரிசோதனை அறிவிப்பு வந்தவுடன் சிலர் கலக்கமடைகிறார்கள். வேறு சிலர் இதனை வீண் தொந்தரவென்று எண்ணுகிறார்கள். இவ்விரண்டும் வேண்டுவதில்லை. பரிசோதனைக்கு வளவை எவ்விதம் சித்தம் செய்யவேண்டும், ஒவ்வோர் ஏற்பாட்டிற்கும் காரணம் யாது என்பவற்றை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இந்த ஏற்பாடு முற்றிலும் புதியதன்று. 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே வைக்கோல், விறகு போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களைச் சேமித்து வைக்கும் தொழில்களுக்கு லைசென்சு பெறவேண்டுமென்ற விதி இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 1998-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-ஆம் வருஷத்தில் அமலுக்கு வந்தது. தீயணைப்பு இலாகாவின் பணிக்கென 1985-ஆம் வருஷத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டங்கள் மாறினாலும் அவற்றின் கருத்து ஒன்றே: ஒருவன் வளவில் பிறக்கும் தீ அவன் வேலியோடு நிற்பதில்லை.

கண்ட ஒரு சம்பவம்

சில வருஷங்களுக்கு முன் நான் ஊழியம் பார்த்த வட்டாரத்தில் முயற்சியுள்ள மிராசுதாரர் ஒருவர் இருந்தார். தை மாத அறுவடை முடிந்து வைக்கோலை இயந்திரத்தால் கட்டுகளாகக் கட்டிப் போட்டிருந்த சமயம், பருவந்தவறிய மழை இரண்டு நாள் பெய்தது. மேலும் மழை வருமென்ற அச்சத்தால், கட்டுகளை உடனே கொட்டகைக்குள் அடுக்கிவிடும்படி அவருக்கு யோசனை சொன்னவன் நானே. மேற்புறம் காய்ந்திருந்ததைக் கண்டேனேயன்றி, ஒரு கட்டையும் பிரித்து உட்புறத்தைப் பார்த்தேனில்லை.

மூன்று வாரங்கள் கழித்து ஓரிரவு கொட்டகையிலிருந்து புகை எழுந்தது. அடுப்போ, விளக்கோ, பீடியோ அங்கே இல்லை. ஈர வைக்கோல் தன்னுள்ளேயே சூடேறிப் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி விரைவாகவே வந்து சேர்ந்தது. ஆனால் வளவின் வாயிற்றூண்கள் இரண்டிற்கும் இடையே அது நுழையக் கூடவில்லை. வெளியிலிருந்தே குழாய்களைப் பூட்டி நீட்ட நேர்ந்தது. அதற்குள் பக்கத்திலிருந்த மாட்டுக்கொட்டிலுக்குத் தீ தாவிவிட்டது. நாலு மாடுகளை அவிழ்த்து விட்டார்கள். கறவைப் பசு ஒன்றின் தும்பு இறுகிக் கிடந்தபடியால் அவிழ்க்க முடியவில்லை. அதுவும் அதன் கன்றும் மாண்டன.

மறுநாள் அந்த மிராசுதாரர் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. "போன வருஷம் பரிசோதனைக்கு வந்தவர்கள் வாசல் குறுகலென்று எழுதிக் கொடுத்துப் போனார்கள் ஐயா; தூணை இடிக்க மனம் வரவில்லை" என்று மட்டும் சொன்னார். அப்பரிசோதனைக்காக வாங்கிச் சிவப்பு வர்ணம் பூசிய வாளிகள் நான்கும் கழுநீர்த் தொட்டிக்கருகில் கிடந்ததைக் கண்டேன். தூணை இடிக்காதது அவர் பிழையெனில், கட்டைப் பிரித்துப் பாராதது என் பிழை. கீழே சொல்லப்படுவன யாவும் அந்த இரவை நினைவிற்கொண்டு எழுதப்பட்டவையே.

தீயின் இயல்பு

தீ உண்டாவதற்கு எரிபொருள், காற்று, சூடு ஆகிய மூன்றும் ஒருங்கே கூடவேண்டும். இவற்றுள் ஒன்றை விலக்கினால் தீ இல்லை. பண்ணை வளவில் எரிபொருளுக்கும் காற்றுக்கும் குறைவில்லை. ஆகவே, சூடு எங்கெங்கே பிறக்கக்கூடுமென்று ஆராய்ந்து அவ்விடங்களை எரிபொருளினின்று பிரித்து வைப்பதே தற்காப்பின் சாரம். பரிசோதகரும் இதனையே நோக்குகிறார். அதன்மேல், தீ பிறந்துவிட்டால் மனிதரும் மாடுகளும் வெளியேற வழியுண்டா, அணைப்பவர் உள்ளே வர வழியுண்டா என்பதையும் பார்க்கிறார்.

முதலாவது: வழியும் வாயிலும்

பொது வீதியிலிருந்து களம் வரையில் வண்டி தடையின்றி வரத்தக்க பாதை வேண்டும். வாயில் சுமார் 15 அடி அகலம் இருத்தல் நலம். வாயிலின்மேல் வளைவோ பந்தலோ இருப்பின் அதன் உயரமும் அவ்வளவு இருக்கவேண்டும். தண்ணீர் நிரம்பிய வண்டி மிகுந்த பாரமுடையதாதலால், பாதையின் குறுக்கே செல்லும் வாய்க்காலின்மீது மெல்லிய பலகைப் பாலம் உதவாது. உறுதியான கல்வெர்ட்டு கட்டவேண்டும். பாதையில் உழவு இயந்திரத்தையும் உர மூட்டைகளையும் நிறுத்திவைக்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும். இரவில் பூட்டும் வாயிலின் சாவி இருக்குமிடம் வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருப்பது அவசியம்.

இரண்டாவது: வைக்கோற்போர்

வைக்கோற்போர் வீட்டிற்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் குறைந்தது 60 அடி தள்ளி இருக்கட்டும். கோடையில் மேல்காற்று வலுத்து வீசும் ஊர்களில் வீட்டிற்கு மேற்கே போர் போடுதல் கூடாது. பொறி பறந்து கூரைமேல் விழும். ஒரே பெரும் போராகப் போடுவதைவிட, இடம் விட்டு இரண்டு மூன்றாகப் போட்டால், ஒன்று எரியினும் மற்றவை மிஞ்சும். அவ்வருஷத்து மாட்டுத் தீவனம் அடியோடு அழியாது. போரைச் சுற்றி ஆறடி அகலத்திற்குப் புல் பூண்டின்றிச் செதுக்கி வைக்கவேண்டும். மின்கம்பிகளின் அடியிலோ அருகிலோ போர் போடுதல் பெருந்தவறு. காற்றில் கம்பிகள் உராய்ந்து உதிரும் பொறி ஒன்றே போதும்.

வைக்கோலின் ஈரத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரமுள்ள வைக்கோலை நெருக்கி அடுக்கினால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் பெருகிச் சூட்டை உண்டாக்குகின்றன. இச்சூடு வெளியேற வழியின்றி உள்ளே தங்கி ஏறுகிறது. ஏறத்தாழ 70 டிகிரி சென்டிகிரேடில் அவ்வுயிர்கள் மடிந்தபோதிலும், அதற்குள் வைக்கோல் காற்றிலுள்ள பிராணவாயுவோடு தானே சேர்ந்து மேலும் சூடேறத் தொடங்குகிறது. அடுக்கிய முதல் ஆறு வாரங்கள் அபாயமான காலம். புளித்த அல்லது கருகிய வாசனை, காலையில் போரின்மேல் ஆவி எழுதல், ஓரிடம் மட்டும் உள்வாங்குதல் ஆகியவை அடையாளங்கள்.

சோதிக்கும் முறை எளிது. நீண்ட இரும்புக் கம்பி ஒன்றைப் போரின் நடுவரை செலுத்தி இரண்டு மணி நேரம் விட்டு உருவுக. கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கக் கூடுமானால் அச்சமில்லை. பிடிக்க முடியாதபடி சுட்டால் அபாயம் நெருங்கிவிட்டதென்று அறிக. அந்நிலையில் போரை அவசரப்பட்டுப் பிரித்தல் ஆகாது. வெளிக்காற்று உட்புகுந்தவுடன் உள்ளே கனன்றது சுவாலையாக எழும். தீயணைப்பு நிலையத்திற்குச் செய்தி அனுப்பி, தண்ணீருடன் அவர்கள் வந்தபின் அவர்கள் முன்னிலையிலேயே பிரிக்கவேண்டும். சூடேறிய போரின்மீது யாரும் ஏறலாகாது; உள்ளே வெந்து குழிந்திருக்குமாதலால் ஆள் அமிழ்ந்துவிடக்கூடும்.

மூன்றாவது: கூரையும் அடுப்பும்

2004-ஆம் வருஷம் ஜூலை மாதம் 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டில் உண்டான தீ கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. இதனைத் தமிழ்நாடு மறக்கமாட்டாது. கீற்றுக் கூரையும் அடுப்பும் ஒரே இடத்தில் இருத்தல் ஆகாதென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பண்ணையாட்களுக்குச் சமைக்கும் இடமும், நெல் அவிக்கும் அடுப்பும் ஓட்டுக் கூரையின் கீழோ வெட்டவெளியிலோ தனித்து இருக்கவேண்டும். உமிச் சாம்பல் மேலே ஆறித் தோன்றினும் உள்ளே நாட்கணக்கில் கனல் தங்கியிருக்கும். அதனைத் தண்ணீர் தெளித்துக் கிளறி அவித்த பின்னரே எருக்குழிக்குக் கொண்டுபோகவேண்டும்.

சமையல் வாயு சிலிண்டரை நிமிர்த்தியே வைக்கவேண்டும். இவ்வாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளங்களில் தங்கும். ஆகவே நிலவறையிலும், குழியான இடத்திலும் சிலிண்டரை வைத்தல் தகாது. போகிப் பண்டிகையிலும், தீபாவளி வாணங்களின்போதும், கார்த்திகைச் சொக்கப்பனையின்போதும் போரைத் தார்ப்பாயால் மூடி, ஓர் ஆளைக் காவல் வைப்பது நல்லது.

நான்காவது: மின்சாரம்

பம்புசெட்டு, அரைக்கும் இயந்திரம், களத்து விளக்கு ஆகியவற்றின் கம்பிகளை லைசென்சு பெற்ற மின்வேலைக்காரரைக் கொண்டு சோதித்து, அவர் தரும் சான்றைப் பத்திரப்படுத்துக. பியூஸ் போனால் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவது நம்மவரிடையே வெகுவாகப் பரவிய வழக்கம். இது காவற்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது போன்றது. பழைய பியூஸ்களை நீக்கித் தானே அறுபடும் சுவிட்சுகளையும், மின்கசிவைக் கண்டு நிறுத்தும் கருவியையும் பொருத்துதல் உத்தமம். எலி கடித்த கம்பிகளையும், கூரைக் கழியோடு கட்டிய தொங்கு கம்பிகளையும் அகற்றிக் குழாய்க்குள் செலுத்தவேண்டும். மோட்டாரின்மேல் படியும் தவிட்டுத் தூசியை நாள்தோறும் துடைக்கவேண்டும். முழு வளவிற்குமான பிரதான சுவிட்சு எளிதில் எட்டும் இடத்தில், பெயர் எழுதப்பட்டு இருக்கவேண்டும்.

ஐந்தாவது: எண்ணெயும் உரமும்

டீசலை மூடியுள்ள உலோகக் கலத்தில், இயந்திரத்திற்கும் வைக்கோலுக்கும் தூரமாக, பூட்டிய தனியறையில் வைக்கவேண்டும். எண்ணெய் தோய்ந்த கந்தலையும் சாக்கையும் மூலையில் குவித்துவைத்தால் அவையும் தாமே சூடேறக்கூடும். பொட்டாசியம் நைட்ரேட்டு முதலான நைட்ரேட்டு உரங்கள் தாமே எரிவதில்லையாயினும் தீக்குப் பிராணவாயுவை ஊட்டி வளர்ப்பன; அவற்றை டீசலுடனும் வைக்கோலுடனும் ஒரே அறையில் வைத்தல் கூடாது. பூச்சிமருந்தாகத் தூவும் கந்தகத் தூள் எளிதில் பற்றும். சுட்ட சுண்ணாம்பின்மீது மழைநீர் ஒழுகினால் மிகுந்த சூடு உண்டாகும். பூச்சிமருந்துகள் எரியும்போது எழும் புகை நஞ்சாகையால், அவ்வறையின் கதவில் உள்ளிருப்பது இன்னதென்று எழுதி ஒட்டவேண்டும். தீயணைக்க வருபவர் அறியாமல் உள்ளே புகாதிருக்க இது உதவும்.

ஆறாவது: மாட்டுக்கொட்டில்

கொட்டிலுக்கு இரண்டு வாயில்கள் வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். மாட்டைக் கட்டும் தும்பு, நுனியைச் சுண்டி இழுத்தவுடன் அவிழும் முடிச்சாக இருக்கவேண்டும். கொட்டிலின் வாயிலில் ஓர் அரிவாளும் தொங்கட்டும். மருண்ட மாடு பழகிய கொட்டிலுக்கே திரும்பி ஓடக்கூடும். ஆகவே அவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. காற்றெதிரே தொலைவிலுள்ள ஓரிடத்தை முன்னதாகவே குறித்துவைத்து அங்கே கொண்டுபோய்க் கட்டவேண்டும். கொட்டிலின் பரண்மேல் வைக்கோல் அடைக்கும் வழக்கத்தைக் கைவிடுவதே மேல்.

ஏழாவது: அணைக்கும் சாதனங்கள்

கிணறும் பம்புசெட்டும் இருக்கின்றனவே என்று இருந்துவிடலாகாது. தீயின்போது மின்சாரத்தை நிறுத்த நேரிடும். ஆகையால் எப்பொழுதும் நிரம்பிய தொட்டி ஒன்று களத்தருகே வேண்டும். 9 லிட்டர் கொள்ளும் தீவாளிகளின் அடிப்புறம் உருண்டையாகச் செய்யப்பட்டிருப்பதற்குக் காரணம், தரையில் நிற்காதபடியால் அவற்றை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுபோக மாட்டார்கள் என்பதே. தட்டையடி வாளி எங்கே போய்ச் சேர்கிறதென்பதை மேலே கண்டோம். இயந்திர அறையில் உலர்ந்த மணல் நிறைந்த வாளிகளைத் தொங்கவிடுக.

வைக்கோல், மரம், சாக்கு ஆகியவற்றின் தீக்குத் தண்ணீர் ஏற்றது. எரியும் எண்ணெயின்மீது தண்ணீர் ஊற்றினால் தீ சிதறிப் பரவும். அதற்கு மணலோ உலர்பொடிக் கருவியோ வேண்டும். மின்சாரத் தீயில் முதலில் இணைப்பைத் துண்டித்து, உலர்பொடியோ கரியமிலவாயுக் கருவியோ பயன்படுத்துக. கருவிகளைக் கதவருகில், கைக்கெட்டும் உயரத்தில் மாட்டவேண்டும். மாதம் ஒருமுறை உலர்பொடிக் கருவியின் அழுத்தமானி முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்து, தேதியிட்ட சீட்டில் கையொப்பமிடுக. சிறு கருவி ஒரு நிமிஷத்திற்குள் தீர்ந்துவிடும். ஆதலால் ஊசியைப் பிடுங்கி, காற்று முதுகுப்புறம் இருக்க நின்று, சுவாலையை நோக்காமல் தீயின் அடியை நோக்கி இடமும் வலமுமாக வீசவேண்டும்.

எட்டாவது: ஆட்களின் பழக்கம்

சாதனங்கள் இருந்தும் கையாள்பவர் இல்லையேல் பயனில்லை. வீட்டிலுள்ளவர்க்கும் பண்ணையாட்களுக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுங்கள்: ஒருவர் குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றுவது, ஒருவர் சுவிட்சை நிறுத்துவது, ஒருவர் மாடுகளை அவிழ்ப்பது, ஒருவர் வாயிலைத் திறந்து வீதியில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது. 101 அல்லது 112 என்ற எண்ணுக்குச் செய்தி சொல்லுகையில் ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம், எரிவது இன்னது என்பவற்றைச் சொல்லவேண்டும். வருஷத்தில் இருமுறையாவது இதனை ஒத்திகை பார்த்தல் நலம். எரியும் கட்டடத்தினுள் பொருளுக்காக ஒருவரும் மீண்டும் புகலாகாது.

பரிசோதனை நாளில் செய்யவேண்டியவை

வளவின் கைப்படம் ஒன்றை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். வாயில், கட்டடங்கள், போர்கள், தண்ணீர்த் தொட்டி, கிணறு, பிரதான சுவிட்சு, டீசல் அறை ஆகியவை அதில் காட்டப்படவேண்டும். பழைய லைசென்சு, மின்சாரச் சோதனைச் சான்று, அணைக்கும் கருவிகளை நிரப்பிய ரசீது, முந்திய பரிசோதனைக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கட்டாகச் சேர்த்து வையுங்கள். எல்லா அறைகளின் சாவிகளும் கையில் இருக்கட்டும். பண்ணையை நன்கறிந்த ஒருவர் கூடவே செல்லவேண்டும். கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்த குறை பரிசோதகரை ஏமாற்றலாம், தீயை ஏமாற்றாது. குறைகளை எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கி, எது உடனே ஆகும், எதற்குத் தவணை வேண்டும் என்பதை அப்பொழுதே பணிவுடன் சொல்லிக்கொள்ளலாம். குறிப்பு எழுதிய நாளிலிருந்து அது நிறைவேறும் நாள் வரையில் அக்காகிதம் கண்ணிற்படும் இடத்தில் தொங்கட்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் இவ்விஷயத்தில் பேருதவி செய்யக்கூடும். தெருக்களில் தீயணைப்பு வண்டி செல்லத் தடையாயுள்ள ஆக்கிரமிப்புகளையும், தாழ்ந்து தொங்கும் கம்பிகளையும் கண்டறிந்து உரிய இலாகாவிற்கு எழுதலாம். கோடையிலும் வற்றாத குளம் கிணறுகளின் ஜாபிதாவைத் தீயணைப்பு நிலையத்திற்கு முன்னதாகவே கொடுத்துவைக்கலாம். தீ விபத்து நேர்ந்தபின் நஷ்டத்தை உடனே பார்வையிட்டுத் தாசில்தாருக்கு எழுதுவது, நிவாரணமும் இன்ஷூரன்ஸ் தொகையும் கோரும் குடியானவர்களுக்கு ஆதாரமாகும்.

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பணச்செலவு இல்லை. போரை மாற்றிப் போடுவதும், முடிச்சை மாற்றிக் கட்டுவதும், கம்பி ஒன்றைச் செருகிப் பார்ப்பதும் கைவேலையே. செலவுள்ளவை வாயிலை அகலப்படுத்துவதும் மின்கம்பிகளைச் சீர்ப்படுத்துவதுமே. அந்த மிராசுதாரர் அடுத்த வருஷம் தூண்களை இடித்து வாயிலை அகலமாக்கினார். கொட்டகையை விலக்கிக் கட்டினார். நானும் அன்றுமுதல் எந்தக் குடியானவருக்கும், கட்டைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாராமல் வைக்கோலை அடுக்கும்படி சொல்வதில்லை. பரிசோதகர் வருஷத்தில் ஒருநாள் வருவார். தீ எந்நாளும் வரக்கூடும். ஒருநாளைக்காகச் செய்யும் ஏற்பாட்டை எந்நாளைக்குமாகச் செய்துவைப்பின், அறிவிப்பு வரும்பொழுது கலங்க வேண்டியதில்லை. அடுத்த அறுவடை களத்திற்கு வருமுன் நம் மிராசுதாரர்கள் ஒருமுறை தங்கள் வளவைச் சுற்றிப் பார்த்து ஆவன செய்வார்களென்று நம்புகிறேன்.